நீலக் கதவு உள்ள வீடு

சைக்கிளோடு ஒரு தாளும் தந்தார் பூன்தவி,
நனையாத உறை போட்டு.
ஆள் துணை கிடையாது,
தாள்தான் துணை.
லாவோஸ் மலைகளில் ஆறு நாள்,
வியட்நாம் எல்லை வரை.
வழி தவறினால்? என்றேன்.
தவற இன்னொரு சாலை வேண்டுமே
என்று வாடகையை எண்ணினார்.

‘41: பெரிய மரம். இடப்பக்கம்.’
நாற்பத்தொன்றில் மரம் இல்லை.
அடிக்கட்டை இருந்தது.
அதன்மேல் தராசு வைத்து
ஏலக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார்
ஒரு ஹ்மோங் பெண்.
தாளையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தேன்.
எடைக்கல்லைக் கீழே வைக்காமலே
தாடையால் இடப்பக்கம் காட்டினார்.

‘58 முதல் 79: மேடு.’
இரண்டே எழுத்து.
ஏறி முடிக்க ஆறு மணி நேரம்.
கியரெல்லாம் தீர்ந்தபின்
இறங்கித் தள்ளுவது மிச்சமிருந்தது.
மார்ச் மாதம். புனத்துக்குக் காடெரிக்கும் புகையில்
எதிர்மலை இருப்பது
நம்பிக்கையைப் பொறுத்த விஷயம்.
பாதிச் சாலையில் துடைப்பப் புல் காய்ந்தது,
மீதிப் பாதியில் லாரிகளும் நானும்.
ஸ்கூட்டரில் ஒருவன் முந்திப்போனான்.
பின்னிருக்கையில் கட்டிய பன்றி
வளைவு மறைக்கும் வரை
என்னையே பார்த்துக்கொண்டு போயிற்று.
இரக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள்:
‘ஆற்றோரம், நீலக் கதவு உள்ள வீடு.
அறுபதாயிரம் கிப். காலையில் முட்டை உண்டு.’

சாலை சட்டென்று தண்ணீருக்குள் இறங்கிற்று,
யோசிக்காமல்.
நடுக்கோடுகூடச் சற்று தூரம் தெரிந்தது.
அணை கட்டியபின்
அப்படியே படுத்துவிட்ட ஆறு.

படகுக்காரர் லுன்
சைக்கிளைக் குறுக்கே கிடத்தினார்.
தாளைக் காட்டினேன்.
எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை.
அடியில் இருந்த தொலைபேசி எண்ணில் விரல் வைத்து
ஒவ்வொன்றாக வாசித்தார்.
பாதியில் நிமிர்ந்து
மீதியைத் தாளைப் பார்க்காமல் சொல்லி முடித்தார்.

மோட்டாரை அணைத்தார்.
சுட்டினார், நேர் கீழே.

எட்டிப் பார்த்தேன்.
பழுப்பு நீர். ஒரு மரத்தின் உச்சிக்கொம்பு.
அதில் யாரோ கட்டிய வலை.
முட்டை? என்றேன்,
வேறென்ன கேட்பதென்று தெரியாமல்.
படகு ஆடும் அளவுக்குச் சிரித்தார்.

அன்றிரவு மேட்டுக் குடியிருப்பில்.
வரிசையாக வீடுகள்,
எல்லாக் கதவும் ஒரே சாம்பல் நிறம்,
அரசாங்கம் ஒரே டப்பாவிலிருந்து அடித்ததுபோல.
லுன்னின் மனைவி போன்மாலி
முட்டையை இரவிலேயே பொரித்துத் தந்தார்.
காலையில் அறுபதாயிரம் நீட்டினேன்.
எண்ணிவிட்டு, இன்னும் இருபது என்றார்.
தாளில் இருப்பது பழைய விலை.

தாளை லுன் திருப்பித் தரவில்லை,
நானும் கேட்கவில்லை.
பிஸ்கட் பெட்டியைக் கிழித்து
மீதி வழியைப் பேனாவால் வரைந்து கொடுத்தார்:
கடைவாய்ப்பல் மாதிரி ஒரு மலை,
இரண்டு பாலம்,
ஒரு நாய். இதற்கு மட்டும்
கடித்துக் காட்டி எச்சரித்தார்.

நாய் இருந்தது.
இரண்டாவது பாலம் இல்லை.
செருப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
சைக்கிளைத் தூக்கி ஓடையைக் கடந்தேன்.

எல்லைச் சாவடியில் ஓர் இளைஞர்,
சட்டைப் பட்டையில் லோ வான் பான் என்ற பெயர்.
அட்டையைத் தலைகீழாகப் பிடித்து
வெகுநேரம் பார்த்தார்.
மூலையில், தண்ணீருக்குள்,
ஒரு சின்ன நீலச் சதுரம்.
லுன் அதை எப்போது வரைந்தாரோ.
இது என்ன என்றார்.
தங்கிய வீடு என்றேன்.
தண்ணீரிலா என்றார்.
ஆமாம் என்றேன்.

முத்திரை குத்தினார்.
வெளியே வந்து என் பிரேக்கை
இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு
உள்ளங்கையை நெடுநேரம் சரித்துக் காட்டினார்:
இருபத்தேழு கிலோமீட்டர் இறக்கம்.

அட்டையில் அது இல்லை.
அந்த ஓரத்தில்
பிஸ்கட்டின் விலை அச்சாகியிருந்தது.